வண்டி வானொலி

'வானொலி' என்னும் சொல்லைப் பல்லாண்டுகள் வகுப்பில் எழுதிக் காட்டியிருக்கிறேன். வானும் ஒலியும் சேர்ந்து அமைந்த அழகிய சொல் அது. ஆயினும் அச்சொல்லோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. வானில் வருவது ஒலியன்று. அது ஒளிக்கு உடன்பிறப்பான ஓர் அலை. நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் விரைவில் அது பாய்ந்து வருகிறது. ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்ல வல்லது. திருச்சிராப்பள்ளியில் ஒருவர் பேசும் பேச்சு ஒலியாகவே எங்கள் ஊருக்கு வருவதாயின், வந்து சேர நான்கு நிமிடமாவது ஆகும். வருவதற்குள் தேய்ந்து மறைந்தும் போகும். அலையாய் வந்து, பெட்டிக்குள் புகுந்த பிறகே அது ஒலியாகிறது. ஆகவே லகரத்தை ளகரமாக்கி 'வானொளி' என்று எழுதினாலும் பெரும் பிழையாகாது என்று சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பேன்.

இந்த உண்மையை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன். என்னிடம் தமிழ் பயின்று, பின்னர் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை வைத்த ஒரு மாணவனிடமே கற்றேன். என் வண்டியில் ஒரு வானொலியைப் பொருத்தப் போய் நான் கற்ற பாடங்கள் மூன்று. அவற்றுள் முதலாவது இது. மற்ற இரண்டையும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் 1959ஆம் ஆண்டு, பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தேன். தென்னந்தோப்பும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். என் இளமைக் காலத்தில் அங்கே வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் இரண்டோ மூன்றோதாம். அந்நாளில் அதனை வைத்துக் கொள்ள அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். எனவே ஊரார்க்கெல்லாம் பொதுவாக ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு வானொலி இருந்தது. அதன் ஒலிபெருக்கியை வேப்பமரத்துக் கிளையில் கட்டியிருந்தார்கள். மாலை வேளையில் கழனியிலிருந்து திரும்பும் உழவரும், கடைத்தெருவுக்கு வந்தவரும், விளையாடிக் களைத்த சிறுவராகிய நாங்களும் மரத்தடியில் அமர்ந்து கேட்போம். வேளாண்மைச் செய்தி வரும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பாட்டு வரும்போது நாங்கள் நிறுத்துவோம்.

1969ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 3ஆம் நாள் அறிஞர் அண்ணா மறைந்த செய்தி அம்மரத்திலிருந்துதான் எங்கள் ஊருக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஏர் பூட்டச் சென்றவர்கள் மாடுகளை அவிழ்த்து விட்டு வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லாரும் மேலே ஒலிபெருக்கியையே பார்த்துக் கொண்டு நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒரு குரலைப் பலர் கூடிக் கேட்கும்போது துயரமும் பலராலே பகிர்ந்து கொள்ளப்படுகிறது என்பதை அன்று நான் சொல்ல அறியேன், ஆயினும் உணர்ந்தேன்.

பின்னர்க் கரந்தைப் புலவர் கல்லூரியில் பயின்று புலவர் பட்டம் பெற்றேன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியரானேன். பள்ளி எங்கள் ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வழியே செல்லும் பேருந்துகள் மிகச் சில. 1989ஆம் ஆண்டு, ஒருவர் ஓட்டிப் பழகிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கனமான வண்டி, அதன் முழக்கமும் கனமானது. நான் வருவதை என் வீட்டார் தெருமுனையிலேயே அறிந்து கொள்வர். என் மாணவரும் அவ்வாறே அறிந்து, மரத்திலிருந்து இறங்கி வகுப்பறைக்குள் புகுந்து கொள்வர்.

பத்தாம் வகுப்பு மாணவர்க்குக் காலை எட்டு மணிக்குத் தனி வகுப்பு நடத்தி வந்தேன். எனவே ஏழு மணி கழிந்ததும் நான் புறப்பட வேண்டும். அந்நாளில் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஒலிப்பது காலை 7.15 மணிக்கு. சரோஜ் நாராயணசுவாமி போன்றவர்கள் படித்த செய்தியைக் கேட்டு வளர்ந்த செவி என் செவி. அவ்வளவு திருத்தமாகச் சொற்களை உச்சரிப்பதைக் கேட்பதே ஒரு தமிழாசிரியனுக்கு நாள்தோறும் கிடைக்கும் பயிற்சியன்றோ! அதனை இழப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. செய்தி என்னைத் தேடி வீட்டிற்கு வரும் நேரத்தில் நான் வண்டியில் இருந்தேன். அப்படியானால் அது என்னைத் தேடி வண்டிக்கே வரட்டும் என்று எண்ணினேன்.

1992ஆம் ஆண்டு, வீட்டிலிருந்த டிரான்சிஸ்டர் வானொலியைத் தோல் உறையோடு எடுத்து வண்டியின் கைப்பிடிகளுக்கு நடுவே வைத்து, பழைய மிதிவண்டி டியூபைக் கீறி அதனால் இறுகக் கட்டினேன். அதனைக் கண்ட என் இல்லாள், "இதுவரையில் வண்டிச் சத்தம் மட்டுந்தான் ஊரை எழுப்பியது. இனிமேல் செய்தியும் சேர்ந்து எழுப்புமா?" என்று கேட்டாள். நான் மறுமொழி கூறவில்லை. வானொலியைத் திருப்பினேன், திருச்சிராப்பள்ளி தெளிவாகக் கேட்டது. வெற்றிப் பெருமிதத்தோடு எந்திரத்தை உதைத்து இயக்கினேன். அவ்வளவுதான்! திருச்சிராப்பள்ளி மறைந்தது. அதனிடத்தில், சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற ஓர் ஓசை எழுந்தது. வண்டியை விரைவுபடுத்தினால் கடுகும் விரைவாக வெடித்தது. எந்திரத்தை நிறுத்தினால் செய்தி வாசிப்பவர் ஏதும் நிகழாதது போல் தொடர்ந்து வாசித்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் என் மாணவனின் பட்டறைக்குச் சென்றேன். அவன் பள்ளியில் படித்த காலத்தில் இலக்கணத்தில் தடுமாறியவன். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் அவனுக்குக் கடைசி வரையில் விளங்கவில்லை. நானும் அதற்காக அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். அவன் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, உங்கள் வண்டியே ஒரு வானொலி நிலையம். அது பக்கத்திலேயே இருந்து ஒலிபரப்பினால், திருச்சி எப்படிக் கேட்கும்?" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து விளக்கினான். அதன் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு இடைவெளி உண்டு. வண்டியின் மின்கலம் தருவது 12 வோல்ட்டு. இக்னிஷன் காயில் என்னும் உறுப்பு அதனைப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அந்த அழுத்தம் இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. எரிபொருள் பற்றிக் கொள்கிறது. என் வண்டியில் எந்திரம் இரண்டு சுற்றுச் சுழல்வதற்குள் ஒரு பொறி. நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்றால் 1,500 பொறிகள். ஒவ்வொரு பொறியும் தன்னைச் சுற்றி அலைகளை எழுப்புகிறது. பிளக்கிற்குச் செல்லும் கம்பியே அவ்வலைகளைப் பரப்பும் ஏரியல் ஆகிவிடுகிறது. நான் கேட்ட கடுகு வெடிப்பு அதுவே.

"முதல் வானொலி அலையே இப்படிப் பொறியிலிருந்துதான் பிறந்ததாம், ஐயா. தொழிற்கல்வி நிலையத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்" என்று அவன் முடித்தான்.

அவன் சொன்னது முழு உண்மை என்பதைப் பின்னர் நூல்களைத் தேடிப் படித்து அறிந்தேன். செருமனி நாட்டு அறிஞர் ஹெர்ட்சு என்பவர் 1887ஆம் ஆண்டளவில் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு இடையே பொறி பறக்கச் செய்தே அவ்வலைகளை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டினார். நம் நாட்டு சகதீச சந்திர போசு 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில், கம்பித் தொடர்பு ஏதும் இன்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். சென்னையில் சி. வி. கிருட்டிணசாமி செட்டியார் முயற்சியால் 1924ஆம் ஆண்டிலேயே ஒரு வானொலிக் கழகம் தோன்றியது. திருச்சிராப்பள்ளி நிலையம் பிறந்தது 1939ஆம் ஆண்டில். ஓடும் வண்டியில் வானொலி கேட்க விழைந்தவனும் நான் முதல்வன் அல்லேன். அமெரிக்காவில் கால்வின் உடன்பிறந்தார் 1930ஆம் ஆண்டில் மோட்டார் காருக்கென வானொலி செய்து, 'மோட்டார்' என்னும் சொல்லையே முன் வைத்து 'மோட்டரோலா' என்று அதற்குப் பெயரிட்டனர். அந்நாளில் கார் வானொலி செய்தவர்களுக்கெல்லாம் பெருந்தலைவலியாக இருந்ததும் இந்தப் பொறியின் இரைச்சலே.

தந்தையே மகனின் பேச்சைக் கேட்க விடாமல் தடுப்பது போல, வானொலிக்குத் தந்தையாகிய பொறியே என் வானொலியைத் தடுத்தது. என் மாணவன் இருவரையும் சமாதானம் செய்து வைத்தான். பிளக்கின் மேல் ஏறத்தாழ 5,000 ஓம் தடை கொண்ட மூடியை மாட்டினான். அத்தடை, எந்திரம் ஓடுவதற்கு வேண்டிய பொறியைக் கெடுக்காமல், அது எழுப்பும் அலையை மட்டும் அடக்கியது. என் பெட்டி நான்கு கட்டைகளால் இயங்குவது. அதாவது 6 வோல்ட்டு. வண்டியின் 12 வோல்ட்டை அதற்கேற்பக் குறைக்கும் உறுப்பு ஒன்றை இணைத்தான். மின்கலத்திலிருந்து வரும் கம்பியில் ஒரு மின்தேக்கியை வைத்து, அவ்வழியே வரும் இரைச்சலை வடிகட்டினான். பெட்டியைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம் செய்து, அது வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் வண்ணப்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். "இரும்பும் இரும்பும் தொட்டால்தான் எர்த் நன்றாகக் கிடைக்கும்" என்றான். அதிர்ச்சியைத் தாங்கச் சட்டத்தின் அடியில் இரப்பர்த் துண்டுகளை வைத்தான். ஒரு நாள் முழுவதும் வேலை. கூலி வாங்க மறுத்தான்.

எந்திரத்தை இயக்கினேன். கடுகு வெடிப்பு முற்றும் நீங்கவில்லை. தொலைவில் எங்கோ யாரோ தாளிப்பது போல் மெலிந்து போயிற்று. அதற்கு மேல் திருச்சிராப்பள்ளி தெளிவாகக் கேட்டது. 'இவனுக்கு ஒன்றும் வராது' என்று நான் ஒருகாலத்தில் எண்ணியிருந்த மாணவன், கையில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் துடைத்துக் கொண்டு என் முகத்தையே பார்த்தான். "தம்பி, வல்லினம் மிகாவிட்டால் போகிறது, நீ மிகுந்துவிட்டாய்" என்றேன். இது நான் கற்ற இரண்டாம் பாடம்.

அதன் பிறகு ஏறத்தாழ ஈராண்டுக் காலம் நான் பெற்ற இன்பம் சொல்லுந்தரத்ததன்று. காலையில் தில்லிச் செய்தி, மாலையில் நாகசுர இசை, சில நாட்களில் கடலுக்கு அப்பாலிருந்து வரும் இலங்கை வானொலி. அதன் அறிவிப்பாளர்களின் தெளிந்த தமிழைக் கேட்பதற்காகவே சில மாலைகளில் வண்டியை மெல்ல ஓட்டியதுண்டு. ஒரு புதுமையையும் கண்டேன். சாலை வடமேற்கு நோக்கிச் செல்லும்போது திருச்சிராப்பள்ளி உரக்கக் கேட்கும். ஆலமரத்து வளைவில் தென்மேற்கே திரும்பியதும் குரல் தேய்ந்துவிடும். பெட்டிக்குள்ளே செம்புக்கம்பி சுற்றிய ஃபெரைட் தண்டு ஒன்று உண்டு என்றும், அதன் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்கு ஏற்கும், அதன் நுனிக்கு நேரே வரும் அலையை ஏற்காது என்றும் என் மாணவன் விளக்கினான். மனிதரும் அத்தகையவரே. எந்தப் பக்கம் முகம் கொடுக்கிறோமோ அந்தப் பக்கத்துச் சொல்லே நம்முள் புகுகிறது. இந்த உவமையை வகுப்பில் கூறி மகிழ்ந்தேன். அஃது என்னையே சுடப் போகிறது என்று அப்போது அறிந்தேனல்லேன்.

வண்டியின் முழக்கத்திற்கு மேல் வானொலி கேட்க வேண்டுமாயின் ஒலியை மிக உயர்த்த வேண்டும். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உயர்த்தி வந்தேன். 1994ஆம் ஆண்டு, ஒரு மாலை நேரம். பள்ளி விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். வானொலியில் ஓர் உரை. எனக்கு விருப்பமான பொருள். வாய்க்கால் கரையிலிருந்து ஒரு குறுகிய பாதை வந்து சாலையோடு சேரும் இடம். என் வகுப்பு மாணவி ஒருத்தி மிதிவண்டியில் அப்பாதை வழியே வந்தாள். நான் அவளைக் கண்டது, அவள் என் முன்சக்கரத்திற்கு நான்கு முழத் தொலைவில் இருந்தபோதுதான். தடையை மிதித்தேன். அவளும் அஞ்சி மிதிவண்டியைத் திருப்பினாள். என் வண்டி சறுக்கி நின்றது. அவள் மிதிவண்டியோடு வாய்க்கால் சரிவில் விழுந்தாள்.

ஓடிச் சென்று தூக்கினேன். முழங்கால் சிராய்த்துக் குருதி கசிந்தது, கையில் சேறு. வேறு தீங்கில்லை. அவளுடைய புத்தகங்கள் நீரில் மிதந்தன. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "ஐயா, நான் மூன்று முறை மணி அடித்தேனே!" என்றாள். குறை கூறும் குரலன்று; வியப்பின் குரல். தான் சொல்லும் ஒரு சொல்லையும் கேட்காமல் விடாத ஆசிரியர், தன் மணியோசையை எப்படிக் கேட்காமற் போனார் என்னும் வியப்பு. அவ்வேளையிலும் என் வண்டியில் அவ்வுரை நடந்து கொண்டேயிருந்தது. அன்றுதான் அந்தப் பெட்டியின் குரல் எனக்கு முதன்முதலாகக் கசந்தது.

அவளை அவள் வீட்டில் கொண்டு சேர்த்து, நிகழ்ந்ததை அவள் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னேன். "வாத்தியாரையா வேண்டுமென்றா செய்தீர்கள்?" என்று அவர்கள் எனக்கே ஆறுதல் கூறினர். அந்த ஆறுதல் எனக்குத் தண்டனையாக இருந்தது. இரவு முழுவதும் உறக்கமில்லை. நான்கு முழம் இரண்டு முழமாகியிருந்தால் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை அவள் முழங்காலில் துணிக்கட்டோடு வகுப்பிற்கு வந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரோடும் எழுந்து நின்று வணக்கம் கூறினாள். அன்று நடத்த வேண்டிய பாடத்தை என்னால் நடத்த இயலவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நேற்று நான் ஒரு தவறு செய்தேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் மாணவர்களிடம் சொன்னேன். சாலையில் செல்பவனுக்குக் கண் இரண்டல்ல, நான்கு. செவிகள் இரண்டும் கண்களே. பின்னே வருவதையும், வளைவில் மறைந்திருப்பதையும் காண்பவை அவைதாம். அவ்விரண்டையும் நான் மூடிக் கொண்டு ஓட்டினேன் என்று சொன்னேன். வகுப்பில் ஓசையே இல்லை. முப்பதாண்டுக்கு மேல் நான் நடத்திய பாடங்களுள் மாணவர் அவ்வளவு கருத்தாய்க் கேட்டது வேறொன்றில்லை.

அன்று மாலையே பட்டறைக்குச் சென்று, "தம்பி, வானொலியைக் கழற்றிவிடு" என்றேன். அவன் சற்று நேரம் சிந்தித்தான். "கழற்ற வேண்டாம், ஐயா. இடத்தை மாற்றுவோம்" என்றான். கைப்பிடி நடுவே இருந்த பெட்டியை எடுத்து, வண்டியின் பக்கவாட்டில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தான். சாவி போட்டு மூடியைத் திறந்தால்தான் அதனை இயக்க முடியும். மூடியைத் திறந்தபடி வண்டியை ஓட்ட முடியாது. நின்றால் கேட்கலாம், சென்றால் கேட்க இயலாது. அன்று முதல் ஆலமரத்தடியே என் வானொலி நிலையமாயிற்று. காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்தி, செய்தியைக் கேட்டு முடித்து, மூடியைப் பூட்டிக் கொண்டு செல்வேன். வயலுக்குச் செல்லும் இரண்டொருவர் என்னோடு நின்று கேட்பர். பத்து நிமிடம் நிற்பதால் உலகில் எவருக்கும் எந்த இழப்பும் நேரவில்லை.

ஆண்டுகள் சென்றன. தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது. 2017ஆம் ஆண்டில் நான் ஓய்வு பெற்றேன். வண்டியை விற்க மனம் வரவில்லை. பக்கப் பெட்டியில் இருந்த வானொலியையோ வீட்டார் மறந்தே போயினர்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இரவு கசா புயல் வந்தது. 16ஆம் நாள் விடியுமுன் அது நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வீசிய காற்றில், எங்கள் பகுதியின் வாழ்வாகிய தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. பிள்ளையைப் போல் வளர்த்த தோப்புகள் ஒரே இரவில் வெட்டவெளியாயின. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. விடிந்தபோது தெருவில் இறங்கவும் வழியில்லை, விளக்கில்லை, கைப்பேசியில் பேச்சில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் கண்ணிழந்து நின்றன. அடுத்த ஊர் இருக்கிறதா இல்லையா என்பதும் எவருக்கும் தெரியவில்லை.

அப்போது என் இல்லாள், "அந்த வண்டிப் பெட்டியைத் திறங்கள்" என்றாள். ஒருநாள் அதனை எள்ளியவளே அன்று அதனை நினைவூட்டினாள். வண்டியை ஓட்டுக் கூரை இடிந்த திண்ணையிலிருந்து தள்ளிக் கொண்டு வந்து தெருவில் நிறுத்தினேன். மூடியைத் திறந்து திருப்பினேன். வானொலி பேசியது. எந்த ஊரில் என்ன நிலை, எங்கெங்கே முகாம்கள், எப்பகுதிக்கு மீட்புப் பணியாளர் வந்துள்ளனர் என்று ஒரு குரல் சொல்லிக் கொண்டே சென்றது. ஒருவர் வந்தார், பத்துப் பேர் வந்தனர், சிறிது நேரத்தில் தெருவே வண்டியைச் சூழ்ந்து நின்றது. எவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தப் பெட்டியையே பார்த்தனர். பத்து வயதில் வேப்பமரத்தடியில் நான் கண்ட காட்சியை ஐம்பது ஆண்டு கழித்து மீண்டும் கண்டேன். நாள்தோறும் காலையும் மாலையும் இவ்வாறு கேட்டோம். மின்கலம் தளராதிருக்க நாளுக்கு ஒருமுறை எந்திரத்தைச் சற்று இயக்கி வைப்பேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். அவருடைய ஒரே மகளைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மணம் செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அவரே முதலில் வந்து வண்டியின் அருகில் அமர்வார். "தம்பி, எங்கள் பிள்ளை ஊர்ப் பெயரைச் சொன்னார்களா?" என்று கேட்பார். மூன்று நாளும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை, அவ்வழிச் சாலையில் விழுந்த மரங்களை அகற்றி வருவதாகச் செய்தி வந்தது. மூதாட்டி எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மூடியைப் பூட்டினேன். "ஏறிக் கொள்ளுங்கள், பெரியம்மா" என்றேன்.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியெங்கும் அறுத்த மரத்தின் ஈர மணம். சாலையில் பாதிக்கு மேல் கிளைகள். கண் பார்த்தால் போதாது. செவியும் வழிகாட்ட வேண்டிய நாள் அது. மரம் அறுக்கும் எந்திரத்தின் ஓசை கேட்டால் முன்னே வழி அடைபட்டிருக்கிறது என்று அறிந்து மெல்லச் சென்றேன். ஒரு வளைவில், எங்கோ ஒரு வீட்டுக் கூரைமேல் நின்றிருந்த இளைஞன், "நில்லுங்கள், ஐயா! கம்பி! கம்பி!" என்று கூவினான். நிறுத்தினேன். வளைவிற்கு அப்பால், சாய்ந்த கம்பத்திலிருந்து மின்கம்பி ஒன்று கழுத்தளவு உயரத்தில் சாலைக்குக் குறுக்கே தொங்கிக் கொண்டிருந்தது. வெயில் கண்ணில் பட்டதால் அது எனக்குத் தெரியவில்லை. வானொலி என் கைப்பிடி நடுவே முழங்கிக் கொண்டிருந்தால் அவ்விளைஞன் குரலும் கேட்டிராது. பின்னால் இருந்த மூதாட்டி என் தோளை இறுகப் பற்றிக் கொண்டார். வாய்க்கால் சரிவில் நின்று, 'மூன்று முறை மணி அடித்தேனே' என்று சொன்ன சிறுமியின் முகம் அப்போது என் நினைவில் வந்தது. அவள் அன்று கற்பித்த பாடமே இன்று எங்கள் இருவர் உயிரையும் காத்தது. இதுவே நான் கற்ற மூன்றாம் பாடம்.

மூதாட்டியின் மகள் நலமாக இருந்தாள். வீட்டின் கூரை போய்விட்டது. பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்து முகாமில் தங்கியிருந்தாள். தாயைக் கண்டதும் அவள் ஓடி வந்த காட்சியை எழுத எனக்குச் சொல்லில்லை. எங்கள் தெருவிற்கு மீண்டும் மின்சாரம் வர இருபது நாளுக்கு மேலாயிற்று. அதுவரையில் அந்தச் சிறு பெட்டியே எங்களுக்கு உலகத்தோடு இருந்த உறவு.

திருவள்ளுவர் கல்விக்குப் பின், அறிவுடைமைக்கு முன், 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டலின் வழியேதான் அறிவு வரும் என்பதை அந்த வைப்புமுறையே காட்டும். இக்காலத்தில் இளைஞர் பலர் இரு காதிலும் கருவியை மாட்டிக் கொண்டு வண்டியில் விரைவதைப் பார்க்கிறேன். அவர்களை நான் பழிக்க மாட்டேன். அவர்களைப் போலவே நானும் இருந்தவன். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கேளுங்கள், நல்லனவெல்லாம் கேளுங்கள், ஆயின் நின்று கேளுங்கள். செல்லும்போது உங்கள் செவி சாலைக்கு உரியது. உங்கள் பின்னே மணி அடிக்கும் சிறுமிக்கு உரியது. கூரைமேல் நின்று கூவும் இளைஞனுக்கு உரியது.

இன்றும் நான் வண்டியை எடுக்குமுன் பக்கப் பெட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக் கொள்கிறேன்.